பழைய புரூட்டலிஸ்ட் டீப்பாய்: எதை வாங்கலாம், எதை விட்டுவிடலாம்?

நெதர்லாந்து, பெல்ஜியம், ஜெர்மனி பக்கம் வீடு வாங்கிக் குடியேறிய வாசகர்கள் கேட்கும் கேள்வி ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கிறது. வரவேற்பறைக்கு 1960, 70களில் கையால் செய்த கனத்த, கரடுமுரடான டீப்பாய் ஒன்று வேண்டும். இரும்பு, கல், மரம், பீங்கான் என்று பல பொருள் கலந்தது. இதைத்தான் இப்போது 'புரூட்டலிஸ்ட்' என்ற பெயரில் விற்கிறார்கள். ஒரு பக்கம் கலைஞரின் கையொப்பத்தோடு பெரிய விலையில் ஒரு மேசை. இன்னொரு பக்கம், யார் செய்தார்கள் என்றே தெரியாத ஓக் மரமும் சிலேட்டுக் கல்லும் சேர்ந்த மேசை, சில நூறு யூரோவுக்கு. 'இந்தக் காசுக்குப் பட்டறையில் புதிதாகவே செய்துகொள்ளலாமே' என்ற யோசனையும் கூடவே வரும்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தினமும் காபி வைத்து, காலை நீட்டி, பிள்ளைகள் வீட்டுப்பாடம் எழுதும் மேசை வேண்டுமென்றால், பெயரில்லாத ஓக்–சிலேட் மேசைதான். கையொப்பம் உள்ளதற்குப் பணம் கொடுப்பது சரியாகும் சந்தர்ப்பங்களும் உண்டு. அவை பலர் நினைப்பதைவிடக் குறைவு.

'புரூட்டலிஸ்ட்' என்ற பெயரையும் தெளிவுபடுத்திவிடலாம். கட்டடக் கலைஞர் லெ கோர்பூசியே பிரான்ஸின் மார்செய் நகரில் 1952இல் கட்டி முடித்த குடியிருப்பில், பலகை அச்சு தெரியும் கான்கிரீட்டைப் பூசி மறைக்காமல் அப்படியே விட்டார். 1955இல் விமர்சகர் ரெய்னர் பான்ஹம் எழுதிய கட்டுரைக்குப் பிறகு 'புரூட்டலிசம்' என்ற பெயர் கட்டடக் கலையில் நிலைத்தது. மேசை நாற்காலி விஷயத்தில் இது பெரும்பாலும் பின்னாளில் வியாபாரிகள் ஒட்டிய முத்திரை. பென்சில்வேனியாவில் வெண்கலம் தெளித்த மேசைக்கும் பெல்ஜியத்தில் பீங்கான் பதித்த மேசைக்கும் இதே பெயர்தான். ஆகவே பெயரை நம்பி ஒப்பிட முடியாது. பொருளையும் வேலைப்பாட்டையும் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

எதை வைத்து எடைபோடுவது?

முதலில் பார்க்க வேண்டியது பொருட்கள் ஒன்றோடொன்று சேரும் இடம். கலப்புப் பொருள் மேசைகளில் கோளாறு ஆரம்பிப்பது பெரும்பாலும் அங்கேதான். மரம் ஈரப்பதத்துக்கு ஏற்ப விரியும், சுருங்கும். அதுவும் இழைக்குக் குறுக்கே அதிகம். இரும்பு வெப்பத்துக்கு மட்டும் கொஞ்சம் அசையும். கல் ஏறக்குறைய அசையாது. குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் வீட்டில் காற்றின் ஈரப்பதம் 30 சதவீதம் வரை இறங்கும். மரம் சுருங்கும், அதில் ஒட்டியிருக்கும் கல் சுருங்காது, எங்காவது விரிசல் விடும். விஷயம் தெரிந்த தச்சர் கல்லை ஒட்டவே மாட்டார். மரச் சட்டத்துக்குள் சும்மா உட்கார வைத்து, சுற்றிலும் மயிரிழை இடைவெளி விடுவார்.

ஓக் மரமும் இரும்பும் நேரடியாகத் தொட்டால் வேறொரு தொல்லை. ஓக்கில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் அதிகம். ஈரம் பட்டால் அது இரும்போடு சேர்ந்து கருநீலக் கறையாக மரத்துக்குள் இறங்கும், இரும்பும் அரிக்கும். நடுவில் தோல், பெயின்ட், மெழுகு என்று ஏதாவது ஒரு தடுப்பு இருந்தால் நல்ல வேலை.

இரண்டாவது, மேற்பரப்பு. நம் வீட்டு டீப்பாயில் என்ன விழும் என்று யோசியுங்கள்: கொதிக்கும் டபரா, மஞ்சள் கலந்த குழம்பு, எலுமிச்சைச் சாறு, எண்ணெய் விரல். சிலேட்டுக் கல் சூட்டையும் புளிப்பையும் பொதுவாகத் தாங்கும். மார்பிளும் டிராவர்டைனும் சுண்ணாம்பு வகைக் கற்கள், எலுமிச்சை பட்டால் மெருகு போய் வெளிறிவிடும். ரெசின், அதாவது ஊற்றி இறுகவைக்கும் செயற்கைப் பிசின், சூட்டுக்கு இளகும். அறை வெப்பத்தில் இறுகவைத்த பல எபாக்ஸி வகைகள் 60 டிகிரியை ஒட்டியே மென்மையாக ஆரம்பிக்கும். டம்ளரின் வட்டம் அதில் நிரந்தரமாகப் பதியலாம்.

மூன்றாவது, எடை. இதை வாங்கும் முன்பே கணக்குப் போடலாம். 120க்கு 70 செ.மீ. அளவில் 2 செ.மீ. தடிமனுள்ள சிலேட்டுப் பலகை சுமார் 46 கிலோ. 120க்கு 80 அளவில் 5 செ.மீ. கான்கிரீட் பலகை என்றால் சுமார் 115 கிலோ, அதுவும் கால்களைச் சேர்க்காமல். தரை தாங்குமா என்று பலர் பயப்படுகிறார்கள். பிரிட்டனில் வீட்டுத் தளத்தைச் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 150 கிலோ சுமைக்குக் கணக்கிடுவார்கள், அமெரிக்காவில் வரவேற்பறைக்கு 195 கிலோ. ஒரு மேசை பெரும்பாலும் அதற்குள் அடங்கிவிடும். உண்மையான பிரச்சினை லேமினேட் தரையில். ஒட்டாமல் மிதக்க விட்ட பலகைகளை இத்தனை எடை ஓர் இடத்தில் அழுத்திப் பிடித்தால், வேறெங்கோ இணைப்பு விரியும்.

பழுது பார்க்க ஆள் கிடைப்பாரா, யார் செய்தது என்பதற்கு ஆதாரம் உண்டா என்ற இரண்டையும் ஒவ்வொரு வகையிலும் பார்க்கலாம்.

அமெரிக்க உலோக மேசைகள்: பால் எவன்ஸ், லாவெர்ன்

இந்த வகையில் பெரிய பெயர் பால் எவன்ஸ் (1931–1987). பென்சில்வேனியாவின் நியூ ஹோப் பகுதியில் வேலை செய்தவர். 1964 முதல் டைரக்‌ஷனல் என்ற மேசை நாற்காலி நிறுவனத்துக்காக வடிவமைத்தார். இவருடைய 'வெண்கல' மேசையைப் பார்ப்பவர்கள் முழு வார்ப்பு என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படியில்லை. உள்ளே கட்டமைப்பு, அதன்மேல் கையால் உருவம் கொடுத்த எபாக்ஸி ரெசின், அதன்மேல் தெளித்த வெண்கலம். மேல்தோல் விரிசல் விட்டால் சாதாரண வெல்டரிடம் கொண்டுபோக முடியாது. 1970களின் 'சிட்டிஸ்கேப்' வரிசை வேறு மாதிரி. மரப் பெட்டகத்தின்மேல் குரோமியம், பித்தளைத் துண்டுகளை ஒட்டுப்போட்ட வேலை. வாங்கும்போது துண்டுகளின் ஓரம் தூக்கியிருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பாருங்கள்.

நியூயார்க்கின் ஃபிலிப் லாவெர்னும் மகன் கெல்வினும் செய்த மேசைகளையும் இப்போது இதே தலைப்பில்தான் விற்கிறார்கள். உருவங்கள் நிறைந்த அந்த மேசைகளைக் கரடுமுரடு வகையில் சேர்ப்பது எனக்கு அவ்வளவு பொருத்தமாகத் தெரியவில்லை. ஆனால் வேலை அபாரம். வெண்கலத்தையும் பியூட்டர் என்ற வெள்ளீயக் கலவையையும் அமிலத்தால் அரித்துச் சித்திரம் எழுதி, ரசாயனம் கலந்த மண்ணில் வாரக்கணக்கில் புதைத்து, அந்தப் பழமை நிறத்தை வரவழைத்தார்கள். இங்கே நம்மவர்களுக்குத் தனியாக ஓர் எச்சரிக்கை: புளி, பீதாம்பரி, பிராஸோ எதுவும் பக்கத்தில் வரக்கூடாது. குத்துவிளக்கைப் பளபளவென்று தேய்க்கும் பழக்கத்தில் யாராவது இந்தப் பழமை நிறக் களிம்பைத் தேய்த்து எடுத்துவிட்டால், மேசையின் மதிப்பில் பெரும்பகுதி அந்தத் துணியோடு போய்விடும். ஊரிலிருந்து அம்மா வரும்போது முதலிலேயே சொல்லி வையுங்கள்.

இந்த வகையின் மறைமுகச் செலவு, ஆதாரம். எவன்ஸின் பட்டறையில் செய்த பல மேசைகளில் பெயரோ, பெயரின் முதலெழுத்துகளும் ஆண்டுமோ பொறித்திருக்கும். பொறித்த எழுத்தைப் பின்னாளிலும் சேர்க்கலாம். அதனால் கையொப்பம் மட்டும் போதாது. பழைய ரசீது, முதல் உரிமையாளரின் விவரம், ஏலப் பதிவு என்று ஏதாவது வேண்டும். 'எவன்ஸ் பாணியில்' என்று விளம்பரத்தில் இருந்தால் எவன்ஸ் செய்ததல்ல என்று பொருள். 'எவன்ஸ் செய்ததாகக் கருதப்படுவது' என்றால் விற்பவர் உறுதியளிக்கவில்லை என்று பொருள். இரண்டுக்கும் அசல் விலை கொடுக்கக் கூடாது.

யாருக்கு இது சரி? அமெரிக்காவிலேயே இருந்து, நேரில் பார்த்து, ஆதாரத்தோடு வாங்கக்கூடியவருக்கு. வீட்டில் சின்னக் குழந்தை இல்லாதவருக்கு. பின்னாளில் விற்கும் எண்ணம் உள்ளவருக்கு. எவன்ஸுக்கு டாயில்ஸ்டவுனில் உள்ள மிச்சனர் கலை அருங்காட்சியகம் 2014இல் பெரிய கண்காட்சியே நடத்தியது. அவர் பெயர் சந்தையில் சீக்கிரம் மறையாது. ஐரோப்பாவில் இருப்பவர் இதை வரவழைப்பது வெறும் ஆசைக்குச் செய்யும் செலவு. அது தெரிந்து செய்தால் சரி.

பெல்ஜியம், நெதர்லாந்து: கல், பீங்கான், ரெசின்

பார்க்க மிக அழகானவை இவைதான். தொல்லையும் இவற்றில்தான் அதிகம்.

பெல்ஜியத்தின் பியா மானு பட்டறை இரும்புச் சட்டம், சிலேட்டு, பீங்கான் எல்லாவற்றையும் கலந்து மேசைகள் செய்தது. ஒன்றைப் போல் இன்னொன்று இருக்காது. டச்சுக் கலைஞர் பால் கிங்மா கான்கிரீட்டிலும் கல்லிலும் பீங்கான், பித்தளைத் துண்டுகளைப் பதித்து மேசையை ஒரு நிலப்படம் மாதிரி ஆக்கினார். ஜெர்மனியின் பிரேமன் நகரில் கண்ணாடிக் கலைஞர் ஹைன்ஸ் லிலியன்தால் சிலேட்டோடு கண்ணாடியைச் சேர்த்தார். பிரஸ்ஸல்ஸின் ஆடோ ஷால் கனிமக் கற்களை ரெசினில் பதித்துத் தேய்த்து மெருகேற்றினார். நம்ம ஊர் ரசத்தில் போடும் மிளகைக்கூட ரெசினில் பதித்து மேசை செய்திருக்கிறார்.

பதித்த வேலை என்றால் நூற்றுக்கணக்கான சேரும் இடங்கள். ஒவ்வொன்றும் ஐம்பது வருடமாக ஹீட்டர் காலத்தையும் கோடையையும் பார்த்திருக்கிறது. சோதிக்க எளிய வழி, டைல்ஸ் போடுகிறவர்கள் செய்வதுதான்: ஒரு நாணயத்தை எடுத்து மேற்பரப்பு முழுக்க மெதுவாகத் தட்டிக்கொண்டே போங்கள். கெட்டியான சத்தம் வந்தால் பிடிப்பு நன்றாக இருக்கிறது. 'டொக்' என்று உள்ளீடற்ற சத்தம் வந்தால் அந்தத் துண்டு அடியில் விட்டுவிட்டது. ஓரத்தில் ஓரிரு துண்டு அப்படி இருந்தால் பேரம் பேசலாம். நடுவில் திட்டுத் திட்டாக இருந்தால் வேண்டாம். காணாமல் போன பீங்கான் துண்டுக்கு அதே மெருகுள்ள மாற்றுத் துண்டு கடையில் கிடைக்காது. புதிதாகச் சுட்டு நிறம் பொருத்துவது தனிக் கலை, கூலியும் அதற்கேற்ப இருக்கும்.

அடுத்தது மஞ்சள். துண்டுகளுக்கு இடையிலான சாந்து, பூசப்படாத கான்கிரீட், மெருகிடாத பீங்கான் மூன்றும் மஞ்சளை உறிஞ்சும். மஞ்சள் கறை வெயிலில் வைத்தால் தானாக வெளிறும் என்பது நமக்குத் தெரிந்த வைத்தியம்தான். நூறு கிலோ மேசையை பால்கனிக்கு யார் தூக்குவது? சாந்தின்மேல் ஊடுருவும் வகை சீலர் பூசலாம். ஆனால் கையொப்பமுள்ள மேசையில் பூசும் முன் மீட்புப் பணி தெரிந்தவரைக் கேளுங்கள். சில சீலர்கள் கல்லின் நிறத்தையே இருட்டாக்கிவிடும்.

பைரைட், மார்கசைட் மாதிரி இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமங்கள் பதித்த மேசைகளும் சந்தைக்கு வருகின்றன. தங்க நிறத்தில் மின்னும், கண்ணைப் பறிக்கும். ஈரப்பதம் அதிகமான இடத்தில் இந்தக் கனிமங்கள் மெதுவாகச் சிதைந்து அமிலத்தைக் கக்கும். அருங்காட்சியகங்கள் இவற்றை உலர்ந்த காற்றில் வைப்பதற்குக் காரணம் இதுதான். சில வருடங்களில் சென்னைக்குத் திரும்பும் எண்ணம் இருந்தால் இந்த வகையைத் தொடவே வேண்டாம். ஓக் சட்டமும் அங்கே ஈரத்தில் ஊதிப் பெருக்கும், கடற்கரைப் பக்கம் இரும்பும் துருப்பிடிக்கும். ஆனால் அவற்றைச் சமாளிக்கலாம்.

இவ்வளவு சொன்ன பிறகும், மேசையைப் பயன்பாட்டுப் பொருளாக இல்லாமல் கலைப்பொருளாக வைக்க நினைப்பவருக்கு என் சிபாரிசு இந்த வகைதான். எவன்ஸ் மேசைக்குக் கொடுக்கும் பணத்தைவிடக் குறைவாகச் செலவழித்து, ஐரோப்பாவுக்குள்ளேயே, நேரில் தட்டிப் பார்த்து வாங்கலாம். கிங்மாவின் கையொப்பமும் ஆண்டும் பல மேசைகளில் இருக்கும். காபியை வேறு மேசையில் வையுங்கள்.

பெயரில்லாத ஓக்–சிலேட்

1970களின் பெல்ஜிய, டச்சு வீடுகளில் சாதாரணமாக இருந்த மேசை இது. தடித்த ஓக் சட்டம், குட்டையான கால், நடுவில் பிளந்த முகம் தெரியும் சிலேட்டுப் பலகைகள், சிலவற்றில் இரும்புப் பட்டை. அந்தத் தலைமுறை இப்போது சின்ன வீடுகளுக்கு மாறுகிறது, பிள்ளைகளுக்கு இந்த மேசை வேண்டாம். அதனால்தான் விலை குறைவு.

தேடும் இடம் முக்கியம். வியாபாரிகள் ஃபர்ஸ்ட்டிப்ஸ் (1stDibs) என்ற இணைய விற்பனைத் தளத்தில் 'புரூட்டலிஸ்ட்' என்று போட்டு விற்கும் அதே ரக மேசையை, நெதர்லாந்தின் மார்க்ட்பிளாட்ஸ் (Marktplaats), பெல்ஜியத்தின் ட்வேடேஹண்ட்ஸ் (2dehands) என்ற பழைய பொருள் தளங்களில் வீட்டுக்காரர்கள் 'சிலேட்டுக் கல் டீப்பாய்' என்று மட்டும் எழுதி மிகக் குறைந்த விலைக்குப் போடுகிறார்கள். டச்சில் 'லெய்ஸ்டேன் சலோன்டாஃபல்' (leisteen salontafel), ஜெர்மனில் 'ஷீஃபர்டிஷ்' (Schiefertisch) என்று தேடுங்கள்.

குறைகளும் உண்டு. சிலேட்டு அடுக்கடுக்காகப் பிளக்கும் கல். ஓரத்தில் அடிபட்டால் செதில் பெயரும். கீறினால் வெளிறிய கோடு விழும். இரண்டாவதற்கு வைத்தியம் சுலபம்: ஆளிவிதை எண்ணெயைத் துணியில் தொட்டுத் தேய்த்து, மிச்சத்தைத் துடைத்துவிட்டால் கோடு மங்கிவிடும். அந்த எண்ணெய்த் துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள், தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவைத்து அப்புறம் எறியுங்கள். சில மேசைகளில் சிலேட்டுக்கு அடியில் பார்ட்டிகிள் போர்டு இருக்கும். மேசையைச் சாய்த்து அடியைப் பாருங்கள். போர்டு தண்ணீர் குடித்து உப்பியிருந்தால் கல்லோடு சேர்த்துக் கழற்றிப் புதிய பிளைவுட் போட வேண்டியிருக்கும். அதுகூடத் தச்சர் செய்யக்கூடிய வேலைதான்.

உயரத்தையும் அளந்து பாருங்கள். 35 செ.மீ. அளவிலான குட்டை மேசைகள் இந்த வகையில் நிறைய. முட்டிவலி உள்ள பெரியவர்கள் அதிலிருந்து டம்ளரை எடுக்கச் சிரமப்படுவார்கள்.

லேன் நிறுவனத்தின் வால்நட் மேசை

அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு மலிவான வழி. வர்ஜீனியாவின் லேன் நிறுவனம் 1970களில் மரக்கட்டைகளை ஏற்ற இறக்கமாக ஒட்டி, எவன்ஸ் வகைத் தோற்றத்தைத் தொழிற்சாலையில் செய்தது. கைவேலை கிடையாது, பெரும்பகுதி வினீர் எனப்படும் மெல்லிய மரத்தோல் ஒட்டியது. அடியில் இருக்கும் வரிசை எண்ணைப் பின்னாலிருந்து படித்தால் செய்த தேதி கிடைக்கும்: 272260 என்றால் 06–22–72, அதாவது 1972 ஜூன் 22. கைவேலையைத் தேடுபவருக்கு இதில் ஒன்றுமில்லை. தோற்றம் மட்டும் போதும், வீடு மாறிக்கொண்டே இருப்பேன் என்பவருக்கு இதைவிட எளிது வேறில்லை.

புதிதாகச் செய்வது

சமையலறை மேடை அறுக்கும் கல் பட்டறைகளில் மிச்சத் துண்டுகள் கிடைக்கும். உடைத்த பில்லியர்ட்ஸ் மேசைகளின் சிலேட்டுப் பலகை இன்னும் நல்லது. தடிமனாகவும் சமமாகவும் இருக்கும். ஒரு வெல்டர் சட்டம் செய்துகொடுத்தால் உங்கள் சோபாவுக்கு ஏற்ற உயரம், குழந்தைக்கு ஏற்ற வளைந்த முனை எல்லாம் கிடைக்கும். தவழும் குழந்தை இருக்கும் வீட்டுக்கு உண்மையில் இதுதான் சிறந்த வழி.

இதில் கூலி பொருளின் விலையைத் தாண்டும், மறுவிற்பனையில் ஏறக்குறைய ஒன்றும் கிடைக்காது. தோற்றத்திலும் ஒரு சிக்கல் உண்டு. வேண்டுமென்றே சுத்தியால் அடித்துக் கரடாக்கிய புது இரும்பு போலியாகவே தெரியும். வெல்டிங் தடத்தைத் தேய்க்காமல் விடச் சொல்லுங்கள், மெழுகு மட்டும் பூசச் சொல்லுங்கள். அதுவே போதும்.

ஒரே பார்வையில்

| | உலோகம் (எவன்ஸ், லாவெர்ன்) | பதித்த கல், பீங்கான் | ஓக்–சிலேட் | லேன் | புதிது |
|---|---|---|---|---|---|
| வாங்கும் விலை | மிக அதிகம் | நடுத்தரம் முதல் அதிகம் | குறைவு | குறைவு | கூலியைப் பொறுத்தது |
| சூடு, மஞ்சள், புளிப்பு | களிம்புக்கு ஆபத்து | சாந்தும் ரெசினும் பலவீனம் | தாங்கும் | டிரே வேண்டும் | கல்லைப் பொறுத்தது |
| பழுது | நிபுணர் மட்டும் | கடினம் | தச்சர் போதும் | தச்சர் போதும் | செய்தவரே பார்ப்பார் |
| மறுவிற்பனை | ஆதாரம் இருந்தால் நன்று | கையொப்பம் இருந்தால் நன்று | போட்ட பணம் வரலாம் | சுமார் | இல்லை |

விலைச்சீட்டில் தெரியாத செலவுகள்

ஏலத்தில் வாங்கினால் சுத்தியல் விழுந்த விலையோடு கணக்கு முடியாது. ஏல நிறுவனம் வசூலிக்கும் வாங்குபவர் கட்டணம் பல இடங்களில் கால் பங்கை ஒட்டி வரும், அதன்மேல் வரி. எல்லை தாண்டிக் கொண்டுவரும்போது 'பழம்பொருள்தானே, சுங்கம் குறையும்' என்று நம்பி ஏமாறாதீர்கள். அமெரிக்காவும் பிரிட்டனும் அந்தச் சலுகைக்குப் பொதுவாக நூறு வயது கேட்கின்றன. 1970களின் மேசைக்கு இன்னும் அந்த வயது ஆகவில்லை. பிரேசில் ரோஸ்வுட் சேர்ந்திருந்தால் சிக்கல் இன்னும் பெரிது. அந்த மரம் 1992 முதல், அழியும் அபாயத்திலுள்ள உயிரினங்களின் வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது, உரிய அனுமதித் தாள் இல்லாமல் எல்லை தாண்ட முடியாது.

டச்சு, பெல்ஜிய நகரங்களின் மாடி வீடுகளில் படிக்கட்டு செங்குத்தானது, குறுகலானது. நூறு கிலோ மேசை அதில் ஏறாது. வீடு மாற்றும் லிப்டை வாடகைக்கு எடுத்து ஜன்னல் வழியாக ஏற்ற வேண்டியிருக்கும். வாங்கும்போது ஒரு முறை, பிறகு வீடு மாறும் ஒவ்வொரு முறையும். சில நூறு யூரோவுக்கு வாங்கிய ஓக்–சிலேட் மேசையின் விலையில் கணிசமான பங்கை இந்த லிப்டே எடுத்துக்கொள்ளலாம். அதனால் விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது, மேல்பலகை தனியாகக் கழலுமா என்பது. கழன்றால் இரண்டு பேர் இரண்டு நடையில் தூக்கிவிடலாம். கல் ஒட்டப்படாமல் சட்டத்தில் உட்கார்ந்திருக்கிறதா என்ற முதல் கேள்விக்கும் அதிலேயே விடை கிடைத்துவிடும்.

அடிப்பக்கத்தின் படம், நான்கு மூலைகளின் கிட்டப் படம், ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி எடுத்த மேற்பரப்பின் படம் ஆகிய மூன்றையும் அனுப்பச் சொல்லுங்கள். நேர் வெளிச்சத்தில் மறைந்திருக்கும் விரிசலும் தூக்கிய துண்டும் பக்க வெளிச்சத்தில் நிழலோடு தெரியும். படம் அனுப்ப விற்பவர் தயங்கினால் நேரில் போய்ப் பார்க்காமல் முன்பணம் அனுப்பாதீர்கள்.